வரிசையில் நின்ற தண்ணிக் கேன்

போன வாரம் ஹட்டனில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். உள்ளே எட்டுக் கதிரைகள். எட்டிலும் ஆள் இல்லை. ஆனால் எட்டும் காலியாகவும் இல்லை! ஒன்றில் குடை, ஒன்றில் ஃபைல், ஒன்றில் ஹெல்மெட், இன்னொன்றில் இரண்டு வாழைப்பழம் போட்ட ஷொப்பிங் பேக்...

எனக்கோ முழங்கால் வலி. வாழைப்பழத்தைத்தான் லேசாக நகர்த்தினேன்.

"டீச்சர்... அது லைன்ல இருக்குங்க!"

குரல் வாசலில் இருந்து வந்தது. எட்டுப் பேரும் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. கவுண்டரில் இருந்த பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

அந்தப் பிள்ளைக்கு எங்கே தெரியப் போகிறது? நம் தோட்டங்களில் மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை. அவர்களுடைய சாமான்தான் நிற்கும். இந்தச் சின்ன விஷயம் தலையில் ஏறாமல் நான் ஒரு தேர்தலை நடத்தப் போய்ப் பட்ட பாடு இருக்கிறதே... அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

கொரோனா காலத்தில் ஒரு தேர்தல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, கடைசியில் ஒரு மழைக்காலத்தில் வைத்தார்கள். தேர்தல் என்றாலே அது டீச்சர்மார் தலையில்தான் விடியும். எனக்கு 'தலைமை தாங்கும் அலுவலர்' பதவி. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பொறாமைப்படாதீர்கள். ஏதாவது பிழை நடந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக ஒருவருக்கு வைத்திருக்கும் பெயர் அது.

பயிற்சி வகுப்பில் சட்டங்களை அடுக்கினார்கள். ஆளுக்கு ஆள் ஒரு மீட்டர் இடைவெளி. எல்லாரும் மாஸ்க். வாசலில் கை கழுவவேண்டும். பேனாவை வாக்காளரே கொண்டுவர வேண்டும். அடையாள அட்டை பார்க்கும்போது மாஸ்க்கை ஒரு விநாடி இறக்கவேண்டும், இறக்கிய நேரம் பேசக்கூடாது. வாய் திறந்த நேரம் பேசக்கூடாது என்றால் எங்கள் பெண்களிடம் நடக்குமா? கேட்கலாம் என்று கையைத் தூக்கினேன். "கேள்விகளைக் கடைசியில் கேளுங்க" என்றார்கள். கடைசியில் லஞ்ச் பார்சல் வந்துவிட்டது.

எனக்குக் கிடைத்தது நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்கே இந்தப் பத்தியை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பிள்ளைக்காம்பரா. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். பின்னால் சரிவு. சரிவுக்கு மேலே ஒரு லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், அதன் வாசல்கள் அப்படியே பள்ளிக்கூட முற்றத்தைப் பார்த்தபடி.

முதல் நாள் பின்னேரம் பி.எச்.ஐ. ரிஸ்வான் டேப்போடும் வெள்ளைப் பெயின்ட்டோடும் வந்துவிட்டார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அந்த நாட்களில் பொலிஸைக் கண்டு ஓடாதவர்கள்கூட பி.எச்.ஐ. பைக் சத்தம் கேட்டால் ஓடுவார்கள். முற்றத்தில் குனிந்து நாற்பது வட்டம் போட்டார். ஒரு அங்குலம் கூடினாலும் அழித்துவிட்டு மறுபடி அளந்தார். இவருக்கு ஏழாம் வகுப்பில் நான்தான் கணக்குப் படிப்பித்தேன். ஸ்கேல் கொண்டுவரச் சொன்னால் ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. இப்போது பாருங்கள்!

விடிந்தது. மழை. அந்தப் பக்கத்து மழை தெரியும்தானே — வந்தால் லீவு போடாமல் வேலை செய்யும். ஏழு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தேன்.

ஆகா! என்ன அழகான வரிசை! வட்டத்துக்கு ஒன்று, வட்டத்துக்கு ஒன்று... இடைவெளி பிசகவே இல்லை.

ஒரே ஒரு குறைதான். வரிசையில் மனிதர் யாரும் இல்லை.

முதல் வட்டத்தில் விரித்து வைத்த குடை. இரண்டாவதில் ஒரு தண்ணிக் கேன். மூன்றாவதில் கொழுந்துக் கூடை. அப்புறம் இன்னும் சில கேன்கள், ஒரு கதிரை, ஒரு சோடிச் செருப்பு, ஒரு விறகுக்கட்டைகூட இருந்தது. மனிதர்கள் எங்கே? பிள்ளைக்காம்பரா வராந்தாவில். பத்துப் பேர் நிற்கக்கூடிய இடத்தில் முப்பத்தெட்டுப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மாஸ்க்கைத் தாடையில் தொங்கவிட்டு, ஒரு போத்தல் மூடியில் மாறி மாறித் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு, கொரோனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ரிஸ்வான் வட்டங்களையும் வராந்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் வராந்தாவுக்குப் போய் ஒரு சத்தம் போட்டேன். முன்னால் வந்தது மரகதம். நாற்பது, நாற்பத்தைந்து வயது, கொழுந்து மலையில் எல்லாப் பெண்களுக்காகவும் கணக்கப்பிள்ளையோடு வாதாடுகிற வாய்.

"என்னாங்க டீச்சர், நாங்க லைன்லதான இருக்கோம்?"

"எங்கே இருக்கிறீங்க? அங்கே செருப்புதான் இருக்கு!"

"ஆமாங்க, அது என் செருப்புதான். பீலியில தண்ணி புடிக்க இப்படித்தான வைப்போம்? கேனு லைன்ல நிக்கும், நாங்க ஓரமா நிப்போம். யாரும் யாரு கேனையும் தாண்ட மாட்டாங்க. சாமானு மழையில நனைஞ்சா காயும். நாங்க நனைஞ்சா காய்ச்சலு வரும். காய்ச்சலோட வந்தா நீங்க உள்ளயே விட மாட்டீங்களே?"

"மரகதம், வரிசை முறைக்காக இல்லை, இடைவெளிக்காக! ஒரு மீட்டர்!"

"இருக்குங்களே! செருப்புக்கும் முன்னால இருக்கிற கேனுக்கும் நடுவுல வேணும்னா அளந்து பாருங்க."

ரிஸ்வான் பாவம், நிஜமாகவே அளந்து பார்த்தார்.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது. கொட்டுகிற மழையில் ஐம்பது வயதுப் பெண்ணை வட்டத்துக்குள் நிற்கச் சொல்லலாமா? ஒரு முடிவுக்கு வந்தோம். சாமான் வரிசையிலேயே இருக்கட்டும். ஆட்கள் வராந்தா, வகுப்பறை, மரத்தடி என்று பிரிந்து நிற்கட்டும். முறை வரும்போது சாமானைச் சொல்லிக் கூப்பிட்டால் சொந்தக்காரர் வரவேண்டும்.

கதவில் நின்று, வகுப்பில் டாப்பு பார்த்துப் பெயர் கூப்பிடுகிற குரலில் ஆரம்பித்தேன்.

"பச்சைக் குடை, உள்ளே வாங்க!"

பின்னால் கட்சி ஏஜென்ட் ஒருவர் துள்ளி எழுந்தார். "டீச்சர்! வாக்களிப்பு நிலையத்துக்குள்ள கட்சிக் கலர் சொல்லலாமா?"

சரி, மன்னித்துக்கொள்ளுங்கள். "அந்த நீலக் கேன் வாங்க!"

மற்ற ஏஜென்ட் எழுந்தார். "இது ஒரு பக்கத்துக்குச் செய்ற பிரச்சாரம்!"

"அப்படியா? அந்தக் கதிரை யாருடையது? கதிரை வாங்க!"

இப்போது இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தார்கள். கதிரை ஏதோ ஒரு சுயேச்சைக் குழுவின் சின்னமாம். காலையில் இருந்து முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் அந்த ஒரு விஷயத்தில் ஒன்றானதைப் பார்த்தேன்.

"அப்போ நான் என்னதான் சொல்றது? நாலு கால் சாமான், வாங்க என்றா?"

கடைசியில் ரிஸ்வான்தான் வட்டங்களுக்குள் நம்பர் எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று... நம்பருக்குக் கட்சி இல்லையே! வேலை ஓடத் தொடங்கியது. முறை வந்தவர் கை கழுவி, உள்ளே வந்து, ஓட்டைப் போட்டுவிட்டு, தன் சாமானை எடுத்துக்கொண்டு போனார். நானும் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்தேன்.

"பதினொண்ணு!"

யாரும் வரவில்லை.

"பதினொண்ணு யாருங்க?"

பதினோராம் வட்டத்தில் ஒரு வெள்ளைக் கேன். கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. மரத்தடியில் இருந்து யாரோ ஒரு பெண் சொன்னாள்.

"ஐயோ... அது ராமாயியோட கேனுல்ல?"

அவ்வளவுதான். காலையில் இருந்து தொண்டை கிழியக் கத்தி என்னால் செய்ய முடியாததை அந்தக் கேன் ஒரே நிமிடத்தில் செய்து முடித்தது. வராந்தா காலி. மரத்தடி காலி. ஆட்கள் தேயிலைக்குள் பத்துப் பத்து அடி தள்ளி நின்றார்கள். இடைவெளி என்றால் அது இடைவெளி!

விஷயம் இதுதான். ராமாயி சரிவுக்கு மேலே இருந்த அந்த லயத்துக்காரி. ஐம்பத்தைந்து வயது இருக்கும், இன்னும் கொழுந்து எடுக்கிறவள். அவளுடைய மகள் கொழும்பில் வேலை செய்த கடையில் யாருக்கோ கொரோனா என்று வந்து, மகள் வீடு திரும்பி பத்து நாள். ரிஸ்வான்தான் கதவில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டியவர். இன்னும் நாலு நாள் வெளியே வரக்கூடாது. அப்படியானவர்களுக்குக் கடைசி ஒரு மணித்தியாலம், நாலு மணியில் இருந்து ஐந்து மணி வரை, என்று ஒதுக்கியிருந்தார்கள்.

அப்படியென்றால் கேன் எப்படி வந்தது?

மரகதத்தின் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சர்... நான்தாங்க வச்சேன். நேத்து அந்தியில நாங்க சாமானு வைக்க வந்தப்ப ஸ்கூல் கேட்டுக்கிட்ட உருண்டு கெடந்துச்சு. யாரோட கேனோ, பாவம், லைனு போயிரக் கூடாதுன்னு எடுத்து என் செருப்புக்கு முன்னால வட்டத்துல வச்சேன்..."

சொல்லி முடிக்கவில்லை, மரகதத்தைச் சுற்றி நின்ற பெண்கள் இன்னும் பத்தடி பின்னால் போனார்கள். மரகதம் ஓடி வந்து சானிடைசர் போத்தலில் பாதியை முழங்கை வரைக்கும் ஊற்றிக்கொண்டது. இராத்திரி பூராவும் மழையில் நனைந்த கேன், ஒன்றும் ஆகாது என்று ரிஸ்வான் சொன்னார். யார் கேட்டார்கள்? ஏழெட்டுப் பேர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வாக்களிப்பு அப்படியே நின்றுபோனது.

நான் உள்ளே பொறுப்பை அடுத்த அலுவலரிடம் கொடுத்துவிட்டு, மேல் லயத்துக்கு ஏறுகிற படிக்கட்டின் அடியில் போய் நின்றேன். மேலே வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு ராமாயி நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் மேலே இருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"ராமாயக்கா! வெளியே வந்தீங்களா?"

"நான் வாசப்படி இறங்கலைங்க! கேனைத்தான் உருட்டி விட்டேன்! யாராச்சும் எடுத்து லைன்ல வைப்பாங்கன்னு தெரியும்!"

"உங்களுக்கு நாலு மணிக்குத்தான்! எல்லாரும் போட்டு முடிஞ்சதும் வாங்க!"

"எல்லாரும் போட்டு முடிஞ்சா தாளும் முடிஞ்சிரும்!"

"முடியாது! பேர் இருக்கிற அத்தனை பேருக்கும் தாள் வந்திருக்கு!"

"அப்ப எனக்கு ஒண்ணு எடுத்து வைங்க!"

"அப்படித் தனியா எடுத்து வைக்க முடியாது அக்கா!"

"பாத்தீங்களா! முடியாத தாளை எடுத்து வைக்கிறதுல என்னா கஷ்டம்?"

முப்பது வருஷம் படிப்பித்தவளை ஒரே கேள்வியில் ஃபெயிலாக்கிவிட்டாள்.

அப்புறம் அவள் சொன்னாள். அவ்வளவு தூரத்துக்குக் கத்தித்தானே சொல்லவேண்டும்? தேயிலைக்குள் நின்ற எல்லாருக்கும் கேட்டது. தோட்டத்து ஆட்களுக்கு ஒரு காலத்தில் பிரஜாவுரிமையும் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. பிரஜாவுரிமைக்கு ஃபோர்ம் கொடுத்த நாளில் இவளும் அக்கா தங்கச்சிமாரோடு போயிருக்கிறாள். கைக்குழந்தை அழுததால் அதை அமர்த்திவிட்டு வருவதற்குள் வரிசையில் கடைசியாகிவிட்டாள். மேசைக்குப் போனதும், "ஃபோர்ம் முடிஞ்சிருச்சு, அடுத்த தடவை வாங்க" என்றிருக்கிறார்கள்.

"அடுத்த தடவை எப்ப வந்துச்சு தெரியுமாங்க? நாலு வருஷம்! எங்க அக்கா தங்கச்சி எல்லாம் சீலை உடுத்திக்கிட்டு ஓட்டுப் போடப் போனாளுங்க. நான் அவளுங்க புள்ளைங்களுக்குச் சோறாக்கிக்கிட்டு வீட்டுல கெடந்தேன். இந்த நாட்டுல பொறந்தவதானங்க நானும்? அன்னையிலருந்து கடைசின்னு சொன்னா எனக்கு நம்பிக்கை இல்லைங்க. அதான் கேனை அனுப்பினேன்!"

ஏஜென்ட்மார்கூட வாசலுக்கு வந்து நின்றிருந்தார்கள். மரகதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரிஸ்வான் என்ன செய்தார் தெரியுமா? கையுறை போட்டார். கேனை மருந்துத் தண்ணீரால் கழுவினார். ஒரு பொலித்தீனுக்குள் போட்டு இறுக்கிக் கட்டி, வாக்களிப்பு நிலையத்து வாசலில், மேலே இருந்து நன்றாகத் தெரிகிற இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். அப்புறம் மேலே பார்த்துக் கத்தினார்.

"அக்கா! உங்க கேன் இப்ப முதலாவது! இதை எடுக்காம நாங்க பெட்டியை மூட மாட்டோம்! சரியா?"

ராமாயி வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சரிங்க தம்பி!"

என் மாணவன்தான். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, அந்த ஸ்கேலை எல்லாம் மன்னித்துவிட்டேன்.

ஆனால் வீட்டுக்குக் கிளம்பினவர்கள்? அதை ராமாயியே பார்த்துக்கொண்டாள்.

"ஏய் மரகதம்! செருப்பை மாட்டிக்கிட்டு எங்கடி கெளம்பிட்ட? உள்ள போயிட்டு வந்தியா?"

"பயமா இருக்குக்கா!"

"எனக்குக் காய்ச்சலும் இல்ல, எம்மகளுக்குக் காய்ச்சலும் இல்ல! இருந்தாலும் நான் இங்க, நீ அங்க! போய்ப் போட்டுட்டு வாடி. நான் ஒருத்தி மட்டும் போட்டு என்னாத்துக்கு ஆகும்?"

மரகதம் வட்டத்துக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அதன் பிறகு அன்றைக்குப் பூராவும் அந்தத் தேர்தலை நடத்தியது நானா, ராமாயியா என்று எனக்கே சந்தேகம். மேல் லயத்து வாசலில் உட்கார்ந்துகொண்டு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் பெயராகக் கூப்பிட்டாள். நடுநடுவே, "ஏ கருப்பாயி, மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்து!" என்றும் ஒரு சத்தம். ரிஸ்வான் என் காதில், "டீச்சர், இவங்களை எங்க ஒஃபிசுக்கு எடுத்துக்கலாமா?" என்றார்.

ஏஜென்ட் ஒருவர் மறுபடி எழுந்தார். "டீச்சர், இது வாக்காளர் மேல செல்வாக்குச் செலுத்துறது."

"யாருக்குப் போடுன்னு சொன்னாங்களா?"

"இல்ல..."

"அப்போ உட்காருங்க."

நாலு மணி. ரிஸ்வான் முன்னால் வர, பின்னால் ராமாயி இறங்கி வந்தாள். நல்ல சீலை. தலையில் எண்ணெய். ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். கையில் இரண்டு பேனா — "ஒண்ணு எழுதலைன்னா?" ஓட்டுப் போட்டு எப்போதோ வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் தேயிலை நிரைகளுக்குள் ஆளுக்கொரு நிரையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை.

அடையாள அட்டை பார்த்தோம். சின்ன விரலில் மை வைத்தோம். தேயிலைக் கறை ஏறிய விரலில் மை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. தாளை வாங்கியவள் மறைப்புக்குள் போனாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் ஆட்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! அவளுடைய ஓட்டு, அவளுடைய நேரம். ஒருவழியாக வெளியே வந்து, தாளை மடித்துப் பெட்டிக்குள் போட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

போய்விடுவாள் என்று நினைத்தேன். என் மேசைக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்றாள்.

"டீச்சர், தாளு இன்னும் மிச்சம் இருக்குங்களா?"

"இருக்கு அக்கா. நான்தான் காலையிலேயே சொன்னேனே! இங்கே பாருங்க" என்று, ஏதோ நான் வென்றுவிட்ட மாதிரி, கொடுக்காத தாள்கள் இருந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். நல்ல தடிப்பு. கொழும்பில் மாட்டிக்கொண்டவர்கள், செத்துப் போனவர்கள், பயந்து வராதவர்கள்... எல்லாருடைய தாளும் அதில் இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"இம்புட்டு மிச்சமாங்க?" என்றாள் மெதுவாக. "அப்படின்னா டீச்சர்... அன்னைக்கும் ஃபோர்ம் மிச்சம் இருந்திருக்கும்ல?"

அந்த மேசை வேறு, அந்த ஆள் வேறு. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள்தானே நானும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பதிலுக்காக நிற்கவும் இல்லை. வாசலில் கேனை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

இத்தனை வருஷத் தேர்தல் டியூட்டியில், முகத்தில் மாஸ்க் இருந்ததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிடம்தான்.